பழகிய சொல்லும் பழகாத பொருளும்

ஆங்கிலம் அறிந்தவர் என்பதற்கு நம்மவரிடையே ஓர் அளவுகோல் உண்டு. எவரும் எளிதிற் கேள்விப்படாத, நாக்கைச் சுழற்றுகின்ற நீண்ட சொற்களுக்குப் பொருள் சொல்ல வல்லவரே ஆங்கிலப் புலமை மிக்கவர் எனக் கருதப்படுகின்றார். பொது அறிவுப் போட்டிகளிற் கேட்கப்படுவனவும் தனியார் கல்வி நிலையங்களில் மனனம் செய்விக்கப்படுவனவும் பெரும்பாலும் அத்தகைய அருஞ்சொற்களே. ஆனால் அருஞ்சொல் ஒன்றின் பொருள் தெரியாமையாற் காணியை இழந்தவரும் கடனில் அமிழ்ந்தவரும் அரிதாகவே இருப்பர். தெரியாத சொல்லைக் கண்டால் அகராதியைப் புரட்டுகிறோம். அல்லது அறிந்தவரை நாடுகிறோம். தெரியும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் சொல்லைப் பற்றியோ எவரிடமும் கேட்பதில்லை. நம்மை இடறி விழச் செய்வது அந்தப் பழகிய சொல்லே என்பதை இங்கு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

அருஞ்சொற்கள் என்று நாம் அஞ்சுகின்றவற்றுட் சில நமது வீட்டிலிருந்தே புறப்பட்டவை. மட்டக்களப்பு – கல்முனை நெடுஞ்சாலையிலே, கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அணைசெய்ய அமைந்துள்ள செட்டிபாளையத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். யூல், பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்து 1886இல் வெளியிட்ட 'ஹொப்சன் – ஜொப்சன்' என்ற புகழ்பெற்ற சொற்களஞ்சியத்தில் 'செட்டி' என்பதும் உண்டு. 'பாளையம்' என்பதன் திரிபும் உண்டு. பாளையக்காரர் என்பது 'பொலிகர்' எனத் திரிந்து ஆங்கில அகராதிகளில் இன்றும் இடம்பெற்றிருக்கின்றது. இலண்டனிற் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர் பலருக்கு விளங்காத அச்சொல்லின் வேர் செட்டிபாளையத்துச் சிறுவனுக்குத் தன் ஊர்ப்பெயரிலேயே கிடைத்துவிடுகின்றது.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் வழங்கும் 'அனிகட்' என்ற சொல் நமது அணைக்கட்டேயாகும். 'செரூட்' சுருட்டு, 'கொயர்' கயிறு. கட்டுமரம் 'கட்டமரான்' எனச் சென்றது. ஆனால் மரங்களை ஒன்றாகப் பிணைத்த மிதவையைக் குறித்த அச்சொல், இன்று ஆங்கிலத்திலே இரட்டை உடல் கொண்ட படகையே பெரிதும் குறிக்கின்றது. தேடாத நன்மையொன்றைத் தற்செயலாகக் கண்டடைவதைக் குறிக்கும் 'செரன்டிபிட்டி' என்ற சொல்லை ஹொரஸ் வோல்போல் என்பார் 1754ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதிய கடிதமொன்றிலே புனைந்தார். அதற்கு அடியாக அமைந்த 'செரன்திப்' என்பது அராபியரும் பாரசீகரும் நமது தீவுக்கு வழங்கிய பெயராகும்.

எனினும் ஒலி ஒத்திருப்பதைக் கண்டவுடன் எல்லாம் நமதே என்று உரிமை கொண்டாடுதலும் தகாது. பணத்தைக் குறிக்கும் 'காஷ்' என்ற ஆங்கிலச் சொல் காசிலிருந்து வந்தது எனப் பலரும் எழுதிவருகின்றனர். அது பேழை என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழியில், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளினூடாக வந்தது என்பதே அகராதியாளர் முடிபு. கீழைத் தேயங்களில் வழங்கிய சிறு நாணயத்தைக் குறித்த மற்றொரு 'காஷ்'தான் நமது காசு. ஒரே எழுத்தும் ஒரே ஒலியும் கொண்ட இரு சொற்களுக்கு இரு வேறு பிறப்பிடங்கள் உள்ளன என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். சொல்லின் தோற்றத்தைக் கண்டு பொருளைத் துணிய இயலாது. அது நிற்கும் இடத்தைக் கண்டே துணியவேண்டும்.

இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் இவ்வறிவு வாவிக்கரையில் வாழ்வோருக்குப் புதிதன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நீர்ப்பரப்பை ஆங்கிலம் 'லகூன்' என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றது. நாமோ அதனை வாவி என்கிறோம், களப்பு என்கிறோம், அதன் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குகிறோம். ஞாயிறு எழும் பக்கம், படும் பக்கம் என்ற இப்பெயர்களை ஆங்கிலப்படுத்த முனைவோர் ஒரு முழு வாக்கியமே எழுதவேண்டியிருக்கும். அவ்வாறே, ஆங்கிலப் பாடநூலில் 'டாங்க்' என்பதைக் கண்ட மாணவன் நீர்த்தாங்கியையோ போர்க்களத்துக் கவசவாகனத்தையோ எண்ணலாம். உன்னிச்சை, நவகிரி என்ற பெயர்களின் பின்னே அச்சொல் வருமாயின் அது குளத்தையன்றி வேறெதனையும் குறிக்காது. மட்டக்களப்பு நகரிலே 'பார் வீதி' என்ற பெயர்ப்பலகையைக் காணும் வெளியூரார் சிலர் மதுச்சாலையை நினைத்துப் புன்னகைப்பதுண்டு. சட்டத்தரணிகளின் சங்கத்தை நினைப்பாரும் இருக்கக்கூடும். அவ்வீதியோ வெளிச்சவீடு நிற்கும் முகத்துவாரப் பக்கம் செல்கின்றது. வாவியின் வாயிலே திரளும் மணல்திடரையும் ஆங்கிலத்தில் 'பார்' என்றே சொல்வர்.

மதுச்சாலையையும் மணல்திடரையும் மயங்கிக் கொள்வதால் எவருக்கும் கேடில்லை. இதே மயக்கம் கையொப்பம் இடவேண்டிய பத்திரத்திலே நேரும்போதுதான் வாழ்வு தடம்புரள்கின்றது.

காணி உறுதியை எடுத்துக்கொள்வோம். 'டீட்' என்றாற் செயல் என்று பாடசாலையிற் படிக்கிறோம்; நொத்தாரிசின் மேசையில் அது உறுதியாகின்றது. 'எக்ஸிகியூட்' என்பது மரணதண்டனை நிறைவேற்றுவதையும் குறிக்கும். உறுதியிலே கையொப்பமிட்டு அதனைச் சட்டப்படி முடித்துவைத்தலையும் குறிக்கும். 'கொன்சிடரேஷன்' என்றாற் பரிவு, கவனத்திற் கொள்ளல் என்றெல்லாம் பொருள் கொள்வோம். உறுதியில் அது காணிக்குப் பதிலாகக் கைமாறும் விலைப்பணமாகும். 'இஷ்யூ' என்பது பிரச்சினை என்று பழகிய நமக்கு, மரணசாசனத்தில் அதே சொல் பெற்ற பிள்ளைகளையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் குறிக்கின்றது என்பது தெரிவதில்லை. இவற்றுள் எதுவும் அருஞ்சொல் அன்று. எல்லாம் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவருக்கும் அறிமுகமானவையே.

இவ்வகையில் மிகுந்த கேடு விளைக்கவல்லது 'ட்ரான்ஸ்பர்' என்ற சொல். ஆசிரியருக்கும் அரச ஊழியருக்கும் கிடைக்கும் இடமாற்றமாகவே அது நமது வீடுகளில் வழங்குகின்றது. உறுதியின் தலைப்பில் அச்சொல் நின்றால், காணியின் உரிமை அறுதியாக மற்றவருக்குச் சென்றுவிட்டது என்பதே பொருள். அவசரத் தேவைக்குப் பணம் பெறும் ஒருவர், தமது காணியை ஈடுவைப்பதாக எண்ணிக்கொண்டு 'ட்ரான்ஸ்பர்' உறுதியிற் கையொப்பமிடுவாராயின், கடனைத் தீர்த்த பின்னரும் காணி தானாகத் திரும்பி வராது. ஈட்டு உறுதிக்கும் அறுதி உறுதிக்கும் உள்ள வேறுபாட்டை நமது முன்னோர் நன்கறிந்திருந்தனர். அதனாலன்றோ இரண்டுக்கும் இரு பெயர்கள் இட்டனர். ஆங்கிலச் சொல் வந்து அப்பெயர்களை மறைத்துவிட்டது.

மட்டக்களப்புப் பிரதேசத்தில் இதற்குத் தனியான முக்கியத்துவமும் உண்டு. வீடும் வளவும் சீதனமாகப் பெண்மக்களுக்கு எழுதிக்கொடுக்கப்படுதல் இங்கு நெடுங்காலமாக நிலவிவரும் வழமை. ஆகவே உறுதியிற் கையொப்பமிடும் கை பெரும்பாலும் ஒரு பெண்ணின் கையாகவே இருக்கின்றது. அவள் ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டால் அடுத்த தலைமுறையின் குடியிருப்பே கேள்விக்குறியாகிவிடும்.

மருந்துச் சிட்டையாகவே நாம் அறிந்திருக்கும் 'பிரிஸ்கிரிப்ஷன்' என்ற சொல்லும் இங்கு குறிப்பிடத்தக்கது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் பெயரிலே நிற்பது இச்சொல்லேயாகும். தனியார் காணியொன்றை, உரிமையாளரின் உரிமையை ஏற்காது, பத்து ஆண்டுகள் இடையறாது ஆண்டுவந்தவர் நீதிமன்றத்தில் அதற்கு உரித்துக்கோர வழிவகுப்பது அச்சட்டம். இடம்பெயர்ந்து பல்லாண்டு கழித்துத் திரும்பிய குடும்பத்தவர், தமது காணியிலே வேறொருவர் குடியிருப்பதைக் கண்டு வழக்காடச் செல்லும்போது, எதிர்த்தரப்பினர் எழுப்பும் முதல் வாதம் 'பிரிஸ்கிரிப்ஷன்' ஆக இருக்கலாம். மருந்துச் சிட்டைக்கும் தமது காணிக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் திகைப்பதில் வியப்பில்லை. 1983 மே 1ஆம் திகதி முதல் 2009 மே 18ஆம் திகதி வரையிலான காலப்பகுதியில், ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளினால் தமது உரிமைக்காக வழக்குத் தொடர இயலாது போனோரை முன்னிட்டு, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சிறப்பு ஏற்பாடு செய்தது. அத்தகைய ஏற்பாடு ஒன்று வந்ததை அறிந்து பயன்கொள்வதற்கும் முதலில் அச்சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்துக் கடன் பத்திரம். 'பிரின்சிபல்' என்றால் அதிபர். கடன் பத்திரத்தில் அது முதல். 'இன்ட்ரஸ்ட்' என்றால் ஆர்வம். இங்கு அது வட்டி. இவையிரண்டையும் பலர் அறிவர். 'பிளாட்' என்ற சிறிய சொல்லிலேதான் சூட்சுமம் அடங்கியிருக்கின்றது. தட்டையானது, மேடுபள்ளமில்லாதது என்பது அதன் பழகிய பொருள். ஆதலால் 'பிளாட் ரேட்' என்றவுடன் ஏறாத, சீரான, நியாயமான வட்டி என்று எண்ணத் தோன்றுகின்றது. உண்மையில் அது, தவணைதோறும் முதல் குறைந்துகொண்டு வந்தாலும் தொடக்கத்தில் வாங்கிய முழுத்தொகைக்குமே இறுதிவரை வட்டி கணிப்பதாகும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஓர் இலட்சம் ரூபாவை 20 வீதம் 'பிளாட்' வட்டியில் ஓராண்டுக்கு ஒருவர் பெறுகின்றார். வட்டி 20,000 ரூபா. ஆக 1,20,000 ரூபாவை, மாதம் 10,000 ரூபாவாகப் பன்னிரண்டு தவணைகளிற் செலுத்தவேண்டும். முதல் மாதத்தில் மாத்திரமே இலட்சம் ரூபா அவர் கையில் இருந்தது. ஆறாம் மாத முடிவில் முதலின் ஏறக்குறைய அரைப்பங்கு திரும்பிச் சென்றுவிடுகின்றது. ஆயினும் முழு இலட்சத்துக்கும் வட்டி செலுத்துகின்றார். மாதந்தோறும் குறையும் நிலுவைக்கு மாத்திரம் வட்டி கணிக்கும் முறையில் இதனை மாற்றிக் கணித்தால், ஆண்டு வட்டி சுமார் 35 வீதமாகின்றது. 20 என்று காதில் விழுந்தது. 35 என்று கையிலிருந்து போகின்றது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் பரவிய காலத்தில் எத்தனையோ பெண்கள் கடனுக்கு மேற் கடன் பெற்று அல்லலுற்றனர். 2018ஆம் ஆண்டில், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைப் பெற்ற பெண்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அத்துன்பத்திற்குக் காரணங்கள் பல. எனினும் 'இது குறையும் நிலுவைக்கான வட்டியா, முழுத்தொகைக்கான வட்டியா?' என்ற ஒரு கேள்வியைக் கையொப்பத்திற்கு முன்னர் கேட்கும் அறிவு, பலரைச் சற்றேனும் காத்திருக்கும்.

காணியும் பணமும் போனால் உழைத்துத் தேடிக்கொள்ளலாம் என்று ஆறுதல் கூறுவாரும் உளர். அவ்வாறு ஆறுதல் கூற இயலாத இடத்திலும் ஓர் ஆங்கிலச் சொல் நிற்கின்றது. அது 'மிஸ்ஸிங்'. பேனை காணாமற்போனாலும் பேருந்தைத் தவறவிட்டாலும் வகுப்புக்கு வராத மாணவனைக் குறித்தாலும் இச்சொல்லின் வடிவங்களையே வழங்குகிறோம். 1990ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த அகதி முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. அதே ஆண்டு ஜூலை மாதத்தில், செட்டிபாளையத்துக்கு அண்மையிலுள்ள குருக்கள்மடத்திலே, நெடுஞ்சாலையிற் பயணஞ்செய்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளினாற் கடத்திச்செல்லப்பட்டனர். அவர்களும் வீடு சேரவில்லை. பேனைக்கு வழங்கும் அதே சொல்லை இவர்களுக்கும் வழங்குவது தகுமா?

'மிஸ்ஸிங்' என்பது ஒரு நிலையை மாத்திரம் சொல்கின்றது. அந்நிலைக்கு ஆளாக்கியவர் உண்டென்று அது சொல்வதில்லை. இக்குறையை உலகின் மறுபுறத்திலும் உணர்ந்தனர். ஆர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நிலவிய இராணுவ ஆட்சியின்போது கொண்டுசெல்லப்பட்டோரைக் குறிக்க வழங்கிய ஸ்பானியச் சொல்லைத் தழுவியே, மறைதல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினைக்குப் புதிய வழக்கு பெருகியது. ஒருவர் 'மறைந்தார்' என்பதற்கு மாறாக 'மறைக்கப்பட்டார்' என்று பொருள்படுமாறு அவ்வினையை ஆளத் தொடங்கினர். நமது தாய்மார் இதற்கு இலக்கண நூலைத் தேடிச் செல்லவில்லை. 'காணாமற்போனோர்' என்று எழுதிய இடத்தில் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதுமாறு கோரினர். போதல் தானே நிகழலாம். ஆக்கப்படுதலுக்கோ ஆக்கியவர் ஒருவர் இருந்தாகவேண்டும். ஒரு வினைமுடிபின் மாற்றத்திலே ஒரு நீதிக் கோரிக்கை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அலுவலகத்தின் பெயரில் 'மிஸ்ஸிங்' என்பதே இடம்பெற்றது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமோ வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் என்ற கருத்தையே தலைப்பிற் கொண்டு அதனைக் குற்றமாக்கியது. இரு சட்டங்களும் ஒரே துன்பத்தைத் தொடுகின்றன. இரு சொற்கள் அதனை இரு கோணங்களிற் காண்கின்றன. படிவமொன்றை நிரப்பும் தாய்க்கு இவ்வேறுபாட்டை எடுத்துச்சொல்ல அங்கு எவரேனும் இருக்கவேண்டாமா?

இவற்றுக்கெல்லாம் தீர்வு அனைவரும் ஆங்கிலம் கற்பதே என்று சிலர் கூறுவர். கற்பது நன்றே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் தன் மொழியிலே தன் அலுவலை முடித்துக்கொள்ளும் உரிமை ஏட்டளவில் நமக்கு ஏற்கனவே உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் வடக்கு, கிழக்கில் நிருவாகம் தமிழில் நடைபெற வகைசெய்தது. நொத்தாரிசுக் கட்டளைச்சட்டமும், வாசிக்க இயலாதவருக்கும் வாசிக்குமாறு கேட்பவருக்கும் உறுதியை வாசித்து விளக்கிய பின்னரே அதனை அத்தாட்சிப்படுத்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. விளக்குமாறு கேட்பது நாம் வேண்டும் சலுகையன்று; விளக்குவது அவர்தம் கடமை.

அதேவேளை, தமிழ்ச் சொல்லொன்றை இட்டுவிட்டாற் போதும் என்றும் எண்ணலாகாது. காணி 'பராதீனப்படுத்தப்படுகிறது' என்று தமிழில் வரும் அறிவித்தலைப் படித்து, அது காணியைப் பிறருக்கு உரித்தாக்கிக் கொடுத்தல் என உடனே உணர்வோர் எத்தனை பேர்? விளங்காத ஆங்கிலத்துக்கு ஈடாக விளங்காத தமிழை வைப்பது மொழிபெயர்ப்பாகாது. இதனை நன்குணர்ந்தோர் நம்மிடையே முன்னரே வாழ்ந்திருக்கின்றனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். காரைதீவில் 1892இற் பிறந்து, கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலானந்த அடிகளார், 1936இற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஆங்கிலமும் அறிவியலும் கற்றுத் தேர்ந்த அவர், அவ்வறிவு தம் மக்களுக்குத் தம் மொழியில் எட்டவேண்டும் என்றே உழைத்தார். அப்பணி இரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் மாத்திரம் உரியதன்று. கடன் பத்திரத்துக்கும் காணி உறுதிக்கும் படிவத்துக்கும் உரியதே.

செய்யவேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. பிரதேச செயலகங்களும் வங்கிகளும் கடன் நிறுவனங்களும் தாம் வழங்கும் படிவத்தோடு, அதில் வரும் சொற்கள் அவ்விடத்தில் என்ன பொருள் தருகின்றன என்பதை எளிய தமிழில் ஒரு பக்கத்திலே அச்சிட்டு வழங்கலாம். பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர்கள் அருஞ்சொற் பட்டியலுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கை உண்மையான உறுதியொன்றின் மாதிரியையும் கடன் படிவமொன்றின் மாதிரியையும் வாசித்துக் காட்டுவதற்குச் செலவிடலாம். உயர்தர மாணவரொருவர் தம் வீட்டுப் பத்திரங்களைத் தாய்க்கு வாசித்து விளக்கும் ஆற்றல் பெறுவாராயின், அவர் கற்ற ஆங்கிலம் அன்றே பயன் தந்துவிடும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் நூலகங்களும் மாதம் ஒருமுறை சட்டமறிந்த ஒருவரை அழைத்து இத்தகைய பத்துச் சொற்களுக்குப் பொருள் கேட்கலாம்.

இவை நடைபெறும் வரை நாம் ஒவ்வொருவரும் கைக்கொள்ளத்தக்க வழி ஒன்றுண்டு. பத்திரத்திலே தெரியாத சொல்லைக் கண்டு கேட்பது போலவே, தெரிந்த சொல்லைக் கண்டும் 'இந்த இடத்தில் இதற்கு என்ன பொருள்?' என்று கேட்போம். அவ்வாறு கேட்பவரை எவரேனும் ஏளனம் செய்தாற் பொருட்படுத்த வேண்டியதில்லை. விடை கிடைக்கும் வரை பேனையை எடுக்காதிருந்தால் அதுவே போதும்.